தியாகக் கணக்கும் இரண்டு கொடிகளும்: எரித்ரியப் புலம்பெயர்ந்தோர் பற்றிய ஒரு நூலை முன்வைத்து

2023 செப்டம்பர் 2-ம் தேதி டெல் அவீவ் தெருவில் எரித்ரியர்கள் எரித்ரியர்களையே அடித்துக்கொண்டார்கள். எரித்ரியத் தூதரகம் சார்பில் ஒரு நிகழ்ச்சி நடக்க இருந்தது. அதை நிறுத்த வந்தவர்கள் நீலத்தில் வந்தார்கள், அரசு ஆதரவாளர்கள் சிவப்பில் வந்தார்கள். போலீஸ் துப்பாக்கியால் சுட்டது, நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அதே வருடம் ஜூலையில் ஜெர்மனியின் கீஸன் நகரிலும் ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமிலும் இப்படித்தான் நடந்தது. அடுத்த வருடம் பிப்ரவரியில் நெதர்லாந்தின் தி ஹேக்கிலும் நடந்தது. செய்தி நிறுவனங்கள் "அரசு ஆதரவாளர்கள், எதிர்ப்பாளர்கள் மோதல்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டன.

எனக்கு அந்தக் கொடிகள் மேல்தான் கண் போனது. இரண்டுமே எரித்ரியக் கொடிகள். ஒரு தேசத்துக்கு வெளியே வாழும் அதன் மக்கள், அதே தேசத்தின் இரண்டு கொடிகளைப் பிடித்துக்கொண்டு ஏன் மோத வேண்டும்? இதற்கு விடை தேடித்தான் விக்டோரியா பெர்னலின் 'நேஷன் ஆஸ் நெட்வொர்க்' (சிகாகோ பல்கலைக்கழக வெளியீடு, 2014) நூலைப் படித்தேன். பெர்னல் ஒரு மானுடவியலாளர். நூல் பாதி விடைதான் தருகிறது. மீதிப் பாதி ஏன் கிடைக்கவில்லை என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் வரலாறு. தமிழ் வாசகர்களில் பலருக்கு எரித்ரியா என்ற பெயர் "போராடி ஜெயித்த நாடு" என்ற அளவில், ஈழ விவாதங்களில் காட்டப்படும் உதாரணமாக மட்டும் தெரிந்திருக்கும். ஜெயித்த பிறகு என்ன ஆச்சு என்பதை அந்த விவாதங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

1890 முதல் 1941 வரை இத்தாலியின் காலனி. பிறகு 1952 வரை பிரிட்டிஷ் நிர்வாகம். 1950 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை எரித்ரியாவை எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியாக இணைக்கத் தீர்மானம் போட்டது. 1952-ல் கூட்டாட்சி நடைமுறைக்கு வந்தது. பத்தே வருடத்தில், 1962-ல், ஹைலே செலாசி அதைக் கலைத்து எரித்ரியாவை எத்தியோப்பியாவின் ஒரு மாகாணமாக்கினார். அதற்கு ஒரு வருடம் முன்பே, 1961 செப்டம்பரில், ஆயுதப் போராட்டம் தொடங்கிவிட்டது. முப்பது வருடம் கழித்து, 1991 மே 24-ல், எரித்ரிய மக்கள் விடுதலை முன்னணி (இ.பி.எல்.எஃப்.) அஸ்மாராவுக்குள் நுழைந்தது. 1993 ஏப்ரல் வாக்கெடுப்பில் 99.8 சதவீதம் பேர் விடுதலைக்கு வாக்களித்தார்கள். வெளிநாடுகளில் இருந்தவர்களும் அதில் ஓட்டுப் போட்டார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாடு பிறக்கும்போதே வெளியில் இருந்தவர்கள் அதன் உறுப்பினர்கள்.

அதற்கு முன்பும் அப்படித்தான். 1974 முதல் 1991 வரை ஒவ்வொரு கோடையிலும் ஐரோப்பாவில் இருந்த முன்னணி ஆதரவாளர்கள் இத்தாலியின் போலோக்னாவில் திருவிழா போலக் கூடுவார்கள். இத்தாலிய வீடுகளில் வேலை செய்த எரித்ரியப் பெண்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைப் போராட்டத்துக்குக் கொடுத்தார்கள். 1998-ல் எத்தியோப்பியாவோடு எல்லைப் போர் வெடித்தபோது புலம்பெயர்ந்தவர்கள் மறுபடியும் பணம் அனுப்பினார்கள், அரசுப் பத்திரங்களை வாங்கினார்கள்.

பெர்னலின் பலம் இங்கேதான். இந்த உறவுக்கு அவர் ஒரு பெயர் வைக்கிறார். தமிழில் 'தியாகக் குடியுரிமை' என்று சொல்லலாம். பொதுவாகக் குடிமகன் வரி கட்டுகிறான், அரசு அவனுக்குப் பாதுகாப்பும் உரிமையும் தருகிறது. எரித்ரியாவில் ஒப்பந்தமே வேறு: குடிமகன் தேசத்துக்காகத் தன்னையே கொடுக்க வேண்டும். போரில் செத்தவன்தான் முழுமையான குடிமகன். உயிரோடு இருக்கிற எல்லாரும் அவனுக்குக் கடன்பட்டவர்கள். விடுதலைப் போரில் இறந்த போராளிகள் சுமார் 65,000 பேர் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. அடுத்து வந்த எல்லைப் போரில் 19,000 பேர் என்று அரசே அறிவித்தது. அத்தனை சிறிய நாட்டில் சாவு விழாத குடும்பத்தைத் தேடுவது கஷ்டம். வெளிநாட்டில் சௌகரியமாக இருப்பவன் மனதில் இது எவ்வளவு கனக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் டாக்ஸி ஓட்டுகிறவர் மாதாமாதம் ஏன் பணம் அனுப்பினார் என்பதை இந்தக் கருத்து தெளிவாக விளக்கிவிடுகிறது.

இதுவரை நூலோடு எனக்குச் சண்டை இல்லை. இனிமேல்தான் இருக்கு.

முதல் விஷயம். பெர்னல் தியாகத்தை ஒரு பகிர்ந்த உணர்வாக, ஒரு பண்பாடாக விளக்குவதில்தான் அதிக அக்கறை காட்டுகிறார். எனக்கு அது ஒரு கணக்குப் புத்தகமாகவும் தெரிகிறது. கணக்கு எழுதுவது ஒரே ஒரு தரப்பு. வெளிநாட்டில் வாழும் எரித்ரியர் தன் வருமானத்தில் 2 சதவீதம் அரசுக்குக் கட்ட வேண்டும். 'மறுவாழ்வு வரி' என்று பெயர். கட்டின ரசீது இல்லாமல் தூதரகத்தில் பாஸ்போர்ட் வேலை நடக்காது, ஊரில் அப்பா விட்டுப்போன வீட்டைப் பெயர் மாற்ற முடியாது. அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வந்தவர்களுக்கு இன்னொரு படிவமும் உண்டு. "தேசியக் கடமையை முடிக்காமல் வந்தது குற்றம், அதற்கு வருந்துகிறேன், தண்டனை தந்தால் ஏற்கிறேன்" என்ற பொருளில் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த வரியை வசூலிக்கும் முறையை ஐ.நா. பாதுகாப்பு சபை 2011-ல் கண்டித்தது. கனடா 2013-ல் டொராண்டோவில் இருந்த எரித்ரியத் துணைத் தூதரை (கான்சல்) வெளியேற்றியது. அந்த வருத்தப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இவற்றில் ஜெர்மன் தீர்ப்புக்கு மட்டும்தான் நூல் வந்த பிறகு நடந்தது என்று சாக்குச் சொல்ல முடியும். வரி 1990-களிலிருந்தே இருக்கிறது.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். ஒரு நெட்வொர்க்கை வரைபடமாகப் போடும்போது முனைகளையும் கோடுகளையும் மட்டும் வரைந்தால் வேலை பாதிதான். எந்த முனைக்கு என்ன அனுமதி, அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கு என்பதுதான் மீதி. "தேசம் ஒரு வலைப்பின்னல்" என்ற பெர்னலின் உருவகம் முனைகளை அழகாகக் காட்டுகிறது. தூதரகக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரைத் தேவையான அளவு காட்டவில்லை. ஒருவர் மனம் ஒப்பிக் கொடுத்தாரா, அம்மாவுக்கு ஒரு ஆவணம் வேணும்னு கொடுத்தாரா என்பது ரசீதில் தெரியாது.

இரண்டாவது விஷயம், இந்த வலைப்பின்னலில் இல்லாதவர்கள். நூல் பார்ப்பது பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற, ஆங்கிலத்தில் எழுதக்கூடிய எரித்ரியர்களை. ஆனா பெரிய அளவில் முதன்முதலில் அகதியானவர்கள் அவர்கள் இல்லை. 1967-ல் எத்தியோப்பிய ராணுவம் மேற்குத் தாழ்நிலத்துக் கிராமங்களை எரித்தபோது சூடானுக்கு ஓடியவர்கள்தான் அவர்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்களில் பலருடைய பேரப்பிள்ளைகள் கிழக்கு சூடான் முகாம்களிலேயே பிறந்து வளர்ந்தார்கள்.

அவர்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவர்கள் எரித்ரிய விடுதலை முன்னணி (இ.எல்.எஃப்.) காரர்கள். போராட்டத்தைத் தொடங்கியது அந்த அமைப்புதான். 1970-களிலும் 1980-81-லும் நடந்த உள்நாட்டுச் சண்டையில் இ.பி.எல்.எஃப்.-இடம் தோற்று சூடானுக்குத் தள்ளப்பட்டது. 1991-க்குப் பிறகு தனிநபராகத் திரும்பி வரலாம், அமைப்பாக வரக்கூடாது என்பதுதான் அஸ்மாரா போட்ட நிபந்தனை. அவர்களிலும் செத்தவர்கள் உண்டு. அவர்களின் தியாகம் இந்தக் கணக்கில் எந்தப் பக்கம்? 'தியாகக் குடியுரிமை' என்ற கருத்து இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இன்னும் கூர்மையாகியிருக்கும். எல்லாத் தியாகமும் வரவு வைக்கப்படுவதில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். 2001 மே மாதம் ஆளும் கட்சியின் 15 மூத்த தலைவர்கள் ஜனாதிபதி இசயாஸ் அஃபெவெர்கியை விமர்சித்து ஒரு திறந்த கடிதம் வெளியிட்டார்கள். செப்டம்பர் 18-ல் அவர்களில் 11 பேர் கைது செய்யப்பட்டார்கள். தனியார் பத்திரிகைகள் எல்லாம் மூடப்பட்டன. சில நாட்களில் எரித்ரிய-ஸ்வீடிஷ் பத்திரிகையாளர் தாவித் இசாக் கைதானார். விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை. 18 மாதம் என்று சட்டம் சொன்ன தேசிய சேவை முடிவே இல்லாததாக மாறியது. கட்டாய சேவைக்குப் போன தலைமுறைக்கு அரசு வைத்த பெயர் 'வர்சாய்'. திக்ரின்யா மொழியில் வாரிசுகள் என்று பொருள். சொத்துக்கு வாரிசு என்றால் சரி. இவர்களுக்கு வந்தது கடன்.

இந்த வாரிசுகள்தான் பிறகு பாலைவனத்தையும் கடலையும் கடந்து ஓடினார்கள். 2013 அக்டோபர் 3-ல் இத்தாலியின் லம்பேதூசா தீவுக்குப் பக்கத்தில் படகு கவிழ்ந்து 360-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எரித்ரியர்கள்.

ஓடிவந்தவர்களுக்கு நாட்டுப்பற்று இல்லை என்று பழைய தலைமுறை ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. இதை நான் ஏற்கவில்லை. 2003-லிருந்து பள்ளியின் கடைசி வருடத்தை எல்லா மாணவர்களும் சாவா ராணுவ முகாமில்தான் படிக்க வேண்டும். ஒன்பது இனக்குழுக்களின் பிள்ளைகளும் அங்கேதான் ஒன்றாக வாழ்கிறார்கள். தேச உணர்வு ஊட்டப்பட்டு வளர்ந்த தலைமுறை இது. போலோக்னாவில் வருடத்துக்கு ஒருமுறை பாட்டுப் பாடியவர்களைவிட இவர்களுக்கு எரித்ரியா நன்றாகவே தெரியும். ஆக, 2023-ல் மோதியது தேசபக்தர்களும் தேசத்தைக் கைவிட்டவர்களும் இல்லை. எத்தியோப்பியாவிடமிருந்து தப்பி வந்தவர்களும் (அவர்கள் பிள்ளைகளும்), எரித்ரியாவிடமிருந்தே தப்பி வந்தவர்களும்தான். இரண்டு பேரையும் 'புலம்பெயர்ந்தோர்' என்ற ஒரே சொல்லில் அடைத்தால் எதுவும் புரியாது.

இப்போ கொடிக்கு வருவோம். அரசுக் கொடி முன்னணியின் கொடியிலிருந்து வந்தது: பச்சை, சிவப்பு, நீலம் என்று முக்கோணங்கள். எதிர்ப்பாளர்களின் கொடி 1952-ஆம் வருடத்துக் கூட்டாட்சிக் காலக் கொடி: வெளிர் நீலத்தில் பச்சை ஆலிவ் வளையம். வேடிக்கை என்னவென்றால் அரசுக் கொடியிலும் அதே ஆலிவ் வளையம் மஞ்சள் நிறத்தில் இருக்கிறது, 1952-லிருந்து எடுத்ததுதான்.

நீலக் கொடி ஆயுதப் போராட்டத்துக்கு முந்தியது. இ.எல்.எஃப். அதைப் பிற்பாடு தூக்கியது உண்மை. "அது எத்தியோப்பியாவோடு நம்மைக் கட்டிப்போட்ட காலத்துக் கொடி" என்று அரசு ஆதரவாளர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனா 1952-ல் எரித்ரியாவுக்கு ஒரு அரசியலமைப்பு இருந்தது, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சபை இருந்தது. சுதந்திர எரித்ரியாவுக்கு இரண்டும் இல்லை. 1997-ல் ஒப்புதல் பெற்ற அரசியலமைப்பு இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. அதை எழுதிய ஆணையத்தின் தலைவர் பெரெகெத் ஹப்தே செலாசி, அமெரிக்காவில் சட்டப் பேராசிரியராக இருந்த ஒரு புலம்பெயர்ந்தவர். வெளிநாட்டு எரித்ரியர்களிடமும் அதற்காகக் கருத்துக் கேட்டார்கள். பணத்தோடு சேர்த்து அவர்கள் தேசத்துக்குக் கொடுத்த இன்னொரு விஷயம் அது. அலமாரியில் கிடக்கிறது.

என் வாசிப்பில், நீலக் கொடி கேட்பது தியாகத்துக்கு அங்கீகாரம் இல்லை, அந்த ஒப்பந்தத்தின் இன்னொரு பக்கம்: எனக்கு என்ன உரிமை? இந்தக் கேள்வியை வைக்க பெர்னலின் சட்டகத்தில் போதுமான இடம் இல்லை. அதே சமயம் எதிர்ப்பாளர்களும் பல நேரம் "எங்க அண்ணனும் செத்தான், எங்க தியாகமும் பெருசு" என்றுதான் வாதாடுகிறார்கள். கணக்குப் புத்தகத்தைப் பிடுங்கித் தாங்கள் எழுத நினைக்கிறார்களே தவிர, அதை மூடலாம் என்று நினைப்பவர்கள் குறைவு. திருவிழாப் பந்தலைக் கொளுத்துவதும் அதே மனநிலையிலிருந்து வருவதுதான். அதை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

குறைகளைச் சொன்னாலும் நூலைப் படிக்கச் சொல்லித்தான் பரிந்துரைப்பேன். 'தியாகக் குடியுரிமை' என்ற ஒரு சொல்லுக்காகவே படிக்கலாம். கூடவே கைம் கிப்ரெயாப் 2017-ல் எரித்ரிய தேசிய சேவை பற்றி எழுதிய நூலையும் சேர்த்துப் படியுங்கள். பெர்னல் கொடுக்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறார், கிப்ரெயாப் வாங்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசுகிறார். இரண்டையும் படித்தபின் அந்த டெல் அவீவ் செய்தியை மறுபடி பாருங்கள், "ஆதரவாளர், எதிர்ப்பாளர்" என்ற ஒற்றை வரி போதாது என்பது உங்களுக்கே புரியும்.