முதல் கோப்பையும் ஓர் அறையும்

அயர்லாந்தின் லிமரிக் நகரத்துச் சந்துகளில் வளர்ந்த ஓர் ஏழைக் கத்தோலிக்கச் சிறுவனின் தன்வரலாறே ஃபிராங்க் மெக்கோர்ட் எழுதிய ‘ஏஞ்சலாஸ் ஆஷஸ்’. 1996-இல் வெளிவந்து மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. பலரும் பாராட்டியது அதன் நகைச்சுவையை. ஆனால், அந்நூலின் உயிர்நிலை சிரிப்பு அடங்கிப்போகும் ஓரிடத்தில் உள்ளது என்பேன். மகன் குடித்துவிட்டு வீடு திரும்பும் இரவு அது.

அதற்குமுன் அவன் பட்டவை எத்தனை! தங்கை நியூயார்க்கில் கைக்குழந்தையாகவே இறக்கிறாள். இரட்டைத் தம்பியர் லிமரிக்கில் அடுத்தடுத்து மடிகின்றனர். தந்தை கூலியை மதுக்கடையில் தொலைத்துவிட்டு நள்ளிரவில் பாடிக்கொண்டு வருவார். பிள்ளைகளை எழுப்பி, அயர்லாந்துக்காக உயிர் கொடுப்போம் என உறுதி வாங்குவார். அவரே காலையில் மகனை அருகிருத்திப் பழைய வீரர் கதைகளைச் சொல்வார். கொடியவர் மட்டுமே என்றால் வெறுத்துவிடுவது எளிது. போர்க்காலத்தில் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனவரிடமிருந்து பணம் வருவது நின்றுபோகிறது. வீடிழந்த தாய் உறவினர் ஒருவரிடம் தஞ்சம் புகுந்து, அதற்கு விலையாகத் தன்னையே தர நேர்கிறது. மகன் அதை அறிவான்.

பதினாறு வயது நிறையும் தறுவாயில், தாயின் சகோதரியுடைய கணவர் அவனை மதுக்கடைக்கு அழைத்துச் செல்கிறார். அவர் கெடுக்க வந்தவர் அல்லர், அன்பானவர். தந்தை செய்ய வேண்டிய சடங்கைத் தாம் செய்கிறார், அவ்வளவே. அந்த வீட்டை அழித்த பொருளே, ஆண்மகனாகிவிட்டதன் அடையாளமாக அவன் கையில் தரப்படுகிறது. ஆசிரியர் இதற்கு ஒரு வரிகூட விளக்கம் எழுதவில்லை; நல்லதாயிற்று.

வீட்டில் தாய் கடிந்துகொள்கிறாள், தந்தையோடு ஒப்பிடுகிறாள். சொல் தடிக்கிறது. உறவினர் வீட்டில் நேர்ந்ததைச் சொல்லிக்காட்டி, அவளைக் கன்னத்தில் அறைகிறான். விட்டுப்போனவர்மீது மூண்ட சினம், விட்டுப்போகாதவள்மேல் விழுகிறது.

குடிகாரர் மகன் பார்த்துப் பழகிக் குடிக்கிறான் என்பது நம் வழக்கமான பேச்சு. அது பாதி உண்மையே. மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் சான் டியகோவில் 17,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 1998 முதல் வெளிவந்தன. இளமைத் துன்பங்கள் மிக மிக, பதின்பருவத் தொடக்கத்திலேயே குடிக்கத் தொடங்கியோரும் மிகுந்திருந்தனர். பெற்றோர் குடிக்காத வீடுகளிலும் அடி, அவமதிப்பு போன்றவை பின்னாளையக் குடிப்பழக்கத்தோடு தொடர்புற்றிருந்தன. இது விதியன்று, ஆனால், போதிக்கும் முன் பிள்ளை பட்டதைக் கேட்கவேண்டும் என்று மெக்கோர்ட்டின் அடுத்த காட்சி சொல்வதோடு இது பொருந்துகிறது.

பீடச் சிறுவனாகச் சேர வந்தவனை வாசலிலேயே திருப்பியனுப்பிய நகரம் அது. அங்கேதான், மறுநாள் பிரான்சிஸ்கு சபை ஆலயத்தில், ஒரு குருவானவர் அவனருகே வந்து அமர்கிறார். பாவங்களை எண்ணச் சொல்லவில்லை. புனித பிரான்சிசிடம் சொல், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிறார். அறைந்ததை மட்டுமா சொல்கிறான்? இறந்த குழந்தைகளும், பணம் கொண்டுவராத தந்தையும் சேர்ந்தே வருகின்றனர். இறைவனின் மன்னிப்பை அறிவித்த குரு, தன்னைத்தானே மன்னிக்குமாறும் அவனிடம் கூறுகிறார்.

லிமரிக்கில் சிலர் இந்நூலை மிகை என்று சாடினர். என் குறை வேறு. அனைத்தும் மகனின் கண்வழியே வருவதால், அறை வாங்கியவளின் உள்ளம் நமக்குத் திறக்கவே இல்லை. நூலின் பெயரோ அவளுடையது.