தொண்டும் செல்வமும்
(இளையான்குடி மாறனார் புராணத்தின்மேல் ஓர் ஆராய்ச்சி)

அடியார்க்குத் தொண்டு செய்தாற் செல்வம் பெருகும். ஆதலின் செல்வம் வேண்டுவார் தொண்டு செய்க என்பது இந்நாளிற் சொற்பொழிவு மேடைகளில் அடிக்கடி கேட்கப்படுவதொன்று. இதற்குச் சான்றாகப் பெரும்பாலும் எடுத்துக் காட்டப்படுவது இளையான்குடி மாறனார் வரலாறு. அவர் அடியார்க்கு அமுதளித்தார். முடிவிற் குபேரனே நிதியேந்தி அவர் ஏவல் கேட்கலாயினான். ஆகவே ஈந்தது பன்மடங்காக மீண்டது என்பது அவர்தம் துணிபு. இத்துணிபு சேக்கிழார் பெருமான் திருவுள்ளத்துக்கு ஒக்குமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் நூல்வழியை நோக்குதல் வேண்டும். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகை மாறனாரைப் பெயரளவில் வணங்கிச் செல்கின்றது. நம்பியாண்டார் நம்பிகளின் திருத்தொண்டர் திருவந்தாதி ஒரே செய்யுளில் அவர் செயலைக் கூறுகின்றது. அச்செய்யுளில் வயலில் விதைத்த நெல்லும், அடுப்பெரித்த மனைமரமும், கறியாக்கிய இளம்பயிரும் வருகின்றன. நிதியைப் பற்றிய பேச்சே இல்லை. எனவே, மாறனாரைத் திருத்தொண்டராக்கியது அவர் பெற்ற பேறன்று, அவர் செய்த செயலே என்பது தெளிவு. பின்னர் 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் இதனை விரித்தோதும்பொழுது இரண்டு செய்திகளை விளக்கமுறச் செய்தார். ஒன்று செல்வம் சுருங்கிய வரலாறு. மற்றொன்று இறுதியிற் கிடைத்த பேறு. முன்னதை மறந்து பின்னதை மட்டும் எடுத்துக்கொள்வதே மேற்கூறிய பிழைக்குக் காரணம்.

மாறனார் உழவினால் வந்த பெருவளம் உடையவர். நாடோறும் அடியார்க்கு இன்னமுது அளித்து வந்தார். தொண்டு செய்தாற் செல்வம் வளரும் என்பதே விதியாயின், அவர் செல்வம் நாளும் பெருகியிருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ அதற்கு மறுதலை. வறுமையினும் அவர் தொண்டு குன்றாது என்பதை உலகத்தார்க்குக் காட்டுதற்கு இறைவனே அவர் செல்வத்தைப் படிப்படியாகச் சுருங்கச் செய்தான் என்கின்றது புராணம். நிலம் விலையாயிற்று, கடன் மிகுந்தது, கொடுப்பாரும் இலராயினர். செல்வம் சுருங்கியும் உள்ளம் சுருங்கிற்றில்லை. தொண்டின் பயன் செல்வமென்று கொண்டவர், இந்நிலையிற் கணக்குப் பொய்த்ததென்று கைவிட்டிருப்பர்.

இனி அம்மழைக்கால நள்ளிரவை நோக்குக. பசியோடிருந்த மனைக்கண் அடியார் ஒருவர் நனைந்து வந்தார். வீட்டில் ஒன்றும் இல்லை. அயலிற் கடன் பெறவும் வழியில்லை. அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரிக் கொணர்ந்தால் அமுதாக்கலாம் என்றார் மனைவியார். அச்சொற் கேட்ட மாறனார், பெருஞ்செல்வம் பெற்றாற்போல மகிழ்ந்தார் என்று சேக்கிழார் அருளிச்செய்கின்றார். இப்புராணத்தின் உயிர்நாடி இவ்விடமே. பின்னாற் குபேரன் ஏந்தும் நிதிக்கு முன்னரே, மாறனார்க்குச் செல்வம் கிடைத்துவிட்டது. அஃதாவது, அடியார்க்கு அமுதளிக்க ஒரு வழி கிடைத்தது.

விதைநெல் உழவர்க்கு எத்தகையது என்பதையும் எண்ணுதல் வேண்டும். பட்டினி கிடந்தும் விதைநெல்லைக் காப்பவன் உழவன். அது வரும் ஆண்டின் வாழ்வு. பயன் கருதி விதைப்பவன் விதைத்ததை வாரான். மாறனாரோ கூடையைத் தலையிற் கவிழ்த்து, இருளிற் காலால் வழி தடவிச் சென்று, அவ்விதையையே வாரி வந்தார். விறகின்மையால் கூரை மரத்தையும் அறுத்தார். கறிக்காகக் குழியில் நின்ற முற்றாப் பயிரையும் பறித்தார். நாளைக்கென்று ஒன்றும் எஞ்சவில்லை. இத்தகையாரைப் பின்வருவதை எதிர்நோக்கி முதலிட்ட வணிகர்போலக் கூறுதல் எவ்வாறு பொருந்தும்?

அற்றேல், முடிவிற் கூறப்பட்ட நிதி என்னை எனின், அது மீண்டு வந்த முதலன்று. விற்ற நிலம் மீண்டதாகவோ, களஞ்சியம் நிரம்பியதாகவோ புராணம் கூறிற்றிலது. சோதியாய்த் தோன்றிய பெருமான், மனைவியாரோடு தம் உலகடைந்து இன்பமார்ந்திருக்க அருளினார். அங்குக் குபேரன் ஏவல் கேட்கும் பணியாளன். செல்வத்துக்கு ஏவல் செய்யாதவர்க்குச் செல்வம் ஏவல் செய்கின்றது என்பதே கருத்து.

மற்றுமொரு தடை நிகழலாம். திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபோது திருநாவுக்கரசர் வாசியில்லாக் காசும், திருஞானசம்பந்தர் வாசியுள்ள காசும் பெற்றனர். அரசர் கைத்தொண்டு செய்தமையால் நற்காசு பெற்றார் என்று சேக்கிழாரே காரணமும் கூறினார். ஆகலின் தொண்டுக்குப் பொருள் கூலியன்றோ எனின், அக்காசு எதற்காயிற்று என்று நோக்குக. அது பஞ்சத்தில் அடியார்க்கு அமுதாயிற்று. வட்டம் கொடுக்க வேண்டியதனாற் பிள்ளையார் திருமடத்தில் அடியார் உண்ணுதற்குக் காலம் தாழ்த்ததே குறையாக நின்றது. ஆண்டுக் கிடைத்தது மேலும் தொண்டு செய்தற்குரிய கருவியே. அவ்வரசரே, திருப்புகலூரில் உழவாரப் பணி செய்த இடத்திற் பொன்னும் மணியும் விளங்கக் கண்டு, அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்ப உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்தார். மிழலையிற் கொண்டதும் புகலூரில் எறிந்ததும் ஒரே மனத்தின் செயல்கள். தொண்டுக்கு வேண்டியபோது பொருள் கொள்ளப்பட்டது. வேண்டாதபோது அது கல்லாயிற்று. இதுவே இருவினையொப்பு வாய்ந்த உள்ளத்தின் அடையாளம்.

இதனாற் செல்வம் இகழத்தக்கது என்பது கருத்தன்று. மாறனாரின் பண்டைப் பெருவளத்தைச் சேக்கிழார் குறைகூறாது போற்றியே உரைத்தார். அஃது அடியார்க்குப் பயன்பட்டமையின் என்க. செல்வம் தொண்டுக்கு ஆவது முறை. தொண்டு செல்வத்துக்கு ஆவது முறைபிறழ்வு. பயன் விரும்பிச் செய்யும் பசுபுண்ணியம் போகம் தந்து கழிந்து, மீண்டும் பிறப்பில் வீழ்த்தும். சிவன்பொருட்டுச் செய்யும் சிவபுண்ணியமோ யான் எனது என்னும் செருக்கைத் தேய்த்து ஞானத்துக்கு வாயிலாகும். சிவஞானபோதம் 12-ஆம் சூத்திரம், மலங்கழுவி, அடியாரோடு கூடி, அவர் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுமாறு விதித்தது. அரனெனக் கண்டவர் அவ்வடியார்பால் ஊதியம் பேசுதல் எங்ஙனம்?

பேறுகளை வரிசைப்படுத்தி மாகேசுர பூசைக்கு அழைப்பு விடுப்போர் நல்லெண்ணத்தினராயினும், மாறனாரைத் துணைக்கழைத்தல் தகாது. அவ்வாசையால் வருபவர் கையில் ஒருபோது பொருள் குறையுமாயின், அவர் தொண்டும் அன்றே குறையும். மாறனார் புராணம் கற்பிப்பதோ, குறைந்த அன்றைக்குச் செய்யும் தொண்டினையே. வந்த அடியார் பசி தீர்தலையே செல்வமெனக் கண்டு மகிழ்ந்த உள்ளம் அவருடையது. அவ்வுள்ளம் வாய்த்தவர்க்கு வேறு செல்வம் வேண்டா.

திருச்சிற்றம்பலம்.