துணைக்கலவையும் தீர்ப்பும்: ‘பெற் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டு குறித்துச் சில எண்ணங்கள்

இசைத்தட்டு ஒன்றைப் பற்றி எழுதப் புகும் நம் விமர்சகர்கள் பாடலையும் குரலையும் பேசி அமைந்துவிடுகின்றனர். பல்வேறு ஒலிகள் எவ்வழிச் சென்று, எங்கு ஒன்றுகூடி, எந்நிலையில் நம் செவியை வந்தடைந்தன என்னும் வினா தொழினுட்பவியலாளர்க்கு உரியதென ஒதுக்கப்படுகின்றது. அவ்வினா அழகியல் சார்ந்தது என்பதே என் துணிபு. 1966 மே மாதம் வெளியான, அமெரிக்காவின் பீச் போய்ஸ் குழுவினரது ‘பெற் சவுண்ட்ஸ்’ இதற்குத் தக்க சான்றாகும்.

அதனை உருவாக்கிய பிரையன் வில்சன் (1942–2025) வாத்தியக் கலைஞர் பலரை ஒரே அறையில் ஒருங்கே வாசிக்கச் செய்து, மூன்று அல்லது நான்கு தடங்கள் கொண்ட நாடாவிற் பதிந்தார். அடுக்கடுக்கான குரல்களுக்கு இடம் போதவில்லை. எனவே வாத்திய இசை முழுவதையும் ஒன்றாக ஒடுக்கி, வேறொரு நாடாவின் ஒற்றைத் தடத்தில் ஏற்றினார். கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தின் எட்டுத்தடப் பொறியில் குரல்களுக்கென ஏழு தடங்கள் இவ்வாறு எஞ்சின. இதுவே துணைக்கலவை. அதன்மேற் குரல்கள் ஏறிய பின்னர், கொம்பின் ஒலியை மட்டும் சற்று உயர்த்துவோம் என எண்ணினால் அது கைகூடாது. வில்சனோ அக்கட்டுப்பாட்டையே தம் கலைக்கு ஆதாரமாக்கிக்கொண்டார். ‘கோட் ஒன்லி நோஸ்’ பாடலில் அக்கோர்டியன், ஹார்ப்சிகோர்ட், கம்பி வாத்தியங்கள் ஆகியன கலந்து, எந்த ஒரு வாத்தியத்துக்கும் உரித்தல்லாத புதியதொரு தொனி பிறக்கின்றது. பிரித்தறிய முனையும் செவி அங்கே தோற்கின்றது, அத்தோல்வியே இன்பம்.

இன்றைய கணினி மென்பொருளில் துணைக்கலவை மீளமுடியாத செயலன்று. மேளத்தின் பத்துத் தடங்களை ‘பஸ்’ எனப்படும் கூட்டுவழியூடாக ஒரு துணைத் தடத்துக்கு அனுப்பலாம். வேண்டாவிடின் மறுநாள் மாற்றலாம். எனினும் இங்கொரு நுட்பம் நோக்கற்பாலது. பத்துத் தடங்களின் ஒலியளவுப் பிடிகளை மட்டும் ஒன்றாகப் பிணைத்தால் ஒலிகள் தனித்தனியாகவே நிற்கும். கூட்டுவழியிற் சேர்த்து அங்கே ஓர் ஒலியமுக்கியை வைத்தாலோ, பெருமேளம் அதிரும்போதெல்லாம் தாளத்தட்டுகளும் உடன் தாழும். அவை ஒரே உடலாக மூச்சுவிடும். எதிரொலிக்கென ஒரு பொதுக் கிளைவழி அமைப்பதும் அத்தகையதே: வெவ்வேறு நாட்களிற் பதிந்த குரல்கள் ஒரே மண்டபத்துக்குள் வந்து நிற்கின்றன. எவை எவை ஒன்றெனக் கேட்கப்படல் வேண்டும் என்னும் தீர்ப்பு இவ்வழியமைப்பிலேயே பொதிந்துள்ளது. பெயரிடப்படாத அறுபது தடங்களை நேரே இறுதி வெளியீட்டுக்கு அனுப்பிவிட்டு, “பின்னர் பார்ப்போம்” எனக் கூறும் நம் இளைஞரின் பதிவுகளை நான் கேட்டதுண்டு. (ஒருமுறை அவ்வாறு அனுப்பியவர்களுள் நானும் ஒருவன்.) அங்கே எல்லாமே தெளிவாகக் கேட்கும், எதுவும் எதனோடும் பேசாது.

1997 இல் மார்க் லினெற் என்னும் ஒலிப்பொறியாளரின் ஸ்ரீரியோக் கலவை வெளிவந்தது. மூல வாத்திய நாடாக்களையும் பின்னைய குரல் நாடாக்களையும் ஒத்திசையச் செய்து, வில்சன் ஒடுக்கியதை அவர் விரித்தார். மறைந்துகிடந்த நரம்பொலிகளும் மணியோசைகளும் அதில் வெளிப்படுகின்றன. கற்போர்க்கு அது பெருங்கொடை. ஆயினும் முன்னைய மோனோக் கலவையின் திரண்ட தொனி அங்கு நெகிழ்ந்துவிட்டது என்றே கூறவேண்டும். ஒரு காதிற் செவிப்புலன் பெரிதும் இழந்திருந்த வில்சனுக்கு ஒற்றைத்திசை ஒலியே முழு உலகமாயிருந்தது என்பதையும் இவ்விடத்து மனங்கொள்ளல் தகும்.

‘வுடின்ட் இற் பீ நைஸ்’ பாடலின் இடைப்பகுதி இன்னும் சுவையானது. மோனோவில் அங்கே மைக் லவ் பாடுகின்றார். 1997 கலவையிலோ வில்சனின் குரலே கேட்கின்றது. லவ்வின் அப்பாட்டு பல்தட நாடா எதிலும் இல்லை. இறுதிக் கலவையின்போதே நேராகச் சேர்க்கப்பட்டமையால், பிரிப்பதற்கென அதற்குத் தனித்த தடம் ஒன்று ஒருபோதும் இருந்ததில்லை.