மலை ஏறும் மனதுக்குக் கிரியேட்டின் காவலா?

அத்திப்பட்டு கடல்மட்டத்தில் கிடக்கும் ஊர். இங்கிருந்து பட்டாளத்தில் சேர்ந்து லடாக் போகும் பிள்ளை, ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் லே நகரில் இறங்குகிறான். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அந்த உயரத்தில் மனச்சோர்வு வராமல் தடுக்க, ஜிம்மில் தசைக்காகக் கரைத்துக் குடிக்கும் கிரியேட்டின் தூள் உதவுமா? அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்துவரும் கேள்வி இது.

கருத்தில் பிழையில்லை. மூளைச் செல்லில் ஆற்றல் குறையும்போது உடனே ஈடுகட்டுவது கிரியேட்டின் கையிருப்பு. செரட்டோனின் உருவாகவும் ஆக்சிஜன் வேண்டும். யூட்டா ஆய்வில், உயரத்துக்கு நிகரான காற்றழுத்தத்தில் வைத்த பெண் எலிகளிடம் சோர்வின் அறிகுறிகள் கூடின. ஆண் எலிகளிடம் கூடவில்லை.

மனிதரிடம் என்ன சான்று? 2012இல் வெளியான தென்கொரிய ஆய்வில், 52 பெண்களுக்கு மனச்சோர்வு மருந்து தரப்பட்டது. அதனுடன் தினம் 5 கிராம் கிரியேட்டினும் எடுத்தவர்கள் விரைவாகத் தேறினார்கள். இந்தியாவில் 100 பேரிடம், பேச்சு சிகிச்சையோடு சேர்த்து 8 வாரம் கொடுத்தபோதும் பலன் தெரிந்தது. ஆனால் இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே நோயுற்றவர்கள். சிகிச்சையும் கூடவே நடந்தது. நோயைத் தணிக்கத் துணைநின்ற பொருள், நோய் வராமலும் தடுக்கும் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

இங்கே வைட்டமின் டி ஒரு பாடம். அது குறைந்தவர்களிடம் சோர்வு மிகுந்திருப்பதைக் கண்டு, அதைக் கொடுத்தால் சோர்வு வராது என்று பலரும் நம்பினார்கள். 18,353 பேருக்கு ஐந்தாண்டு கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையில் அது மனச்சோர்வைத் தடுக்கவில்லை என்று 2020இல் தெரிந்தது.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர், கெட்ட தூக்கம், வீட்டைப் பிரிந்த தனிமை எல்லாமே மனதை வாட்டும். ஆக்சிஜன் குறைவின் பங்கை இவற்றிலிருந்து பிரித்தறிய வேண்டும். அதற்கு, நம்மூர் போன்ற கடலோரத்து நலமானவர்களுக்குப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, பாதிப் பேருக்குக் கிரியேட்டின், பாதிப் பேருக்கு வெற்றுத்தூள் என்று குலுக்கல் முறையில் கொடுத்து, மாதக்கணக்கில் கவனிக்க வேண்டும். ஆண், பெண் கணக்கு தனித்தனியே வேண்டும்.

என் தீர்ப்பு இது: கிரியேட்டின் சோதிக்கத் தகுந்தது, தடுப்பு மருந்தென்று விற்கத் தகுந்ததல்ல. மலையிலோ கடலோரத்திலோ, மனம் தொடர்ந்து சோர்ந்தால் தூள் டப்பாவைத் தேடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416.