ஜித்தா வணிகரின் கொடையும் வறுமை ஆய்வும்: ஒரு மதிப்பீடு

பொருளியலுக்கான நோபல் பரிசு 2019ஆம் ஆண்டில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரேமர் ஆகிய மூவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. உலக வறுமையைத் தணிக்கும் வழிகளைச் சோதனை முறையில் ஆராய்ந்தமைக்காக அச்சிறப்பு அவர்களுக்குக் கிட்டியது. அவர்களுள் முதலிருவரும் சேர்ந்து தோற்றுவித்த ஆய்வகம் அப்துல் லத்தீஃப் ஜமீல் என்னும் அரபு முஸ்லிம் வணிகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதையும், அதன் தெற்காசியக் கிளை நம் சென்னையில் வேர்கொண்டது என்பதையும் நம்மவருள் அறிந்தோர் சிலரே. அறிந்தோரும் பெருமிதம் கொள்வதோடு நின்றுவிடுகின்றனர். ஒரு நிறுவனத்தை மதிப்பிடப் பெருமிதம் போதாது. அதன் பணம் எங்கிருந்து வருகிறது, அதை ஆள்வோர் யார், அவர்கள் யாருக்குக் கணக்குக் காட்டுகின்றனர் என்று கேட்பதே முறை. வக்ஃபின் சட்டங்களை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பித்துவரும் நமக்கு இக்கேள்விகள் புதியன அல்ல. அந்த அளவுகோலைக் கொண்டே இவ்வாய்வகத்தை இங்கு நோக்க முற்படுகிறோம்.

தோற்றமும் பணியும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2003ஆம் ஆண்டு பானர்ஜி, டுஃப்ளோ, தமிழ் வழிவந்த செந்தில் முல்லைநாதன் ஆகியோர் வறுமை ஒழிப்புச் செயலாய்வகம் என்ற அமைப்பைத் தொடங்கினர். அக்கழகத்தில் 1978இல் பட்டம் பெற்றவர் முஹம்மத் ஜமீல். ஜித்தாவில் 1945இல் வணிக நிறுவனம் தொடங்கிப் பின்னர் டொயோட்டா ஊர்தி விற்பனையால் பெருஞ்செல்வம் ஈட்டிய அப்துல் லத்தீஃப் ஜமீலின் மகன் அவர். ஆய்வகத்துக்கு நிலைநிதி வழங்கி அவர் ஆதரித்ததை அடுத்து, 2005இல் அது அவருடைய தந்தையின் பெயரை ஏற்றது. சுருக்கமாக ஜே-பால் என்று அது வழங்கப்படுகிறது. 2007இல் சென்னையிலுள்ள நிதி மேலாண்மை ஆய்வு நிறுவனத்தில் அதன் தெற்காசியக் கிளை அமைந்தது. 2014இல் தமிழக அரசும் அதனோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அரசுத் துறைகளின் திட்டங்கள் உண்மையில் பயன் தருகின்றனவா என ஆராய்வதே அதன் நோக்கம்.

ஆய்வகத்தின் முறை எளிதில் விளங்கக்கூடியது. ஒரே நிலையிலுள்ள ஊர்களைக் குலுக்கல் மூலம் இரு கூறாகப் பிரிப்பர். ஒரு கூறுக்குப் புதிய உதவியை அளிப்பர். மற்றதற்குப் பழைய நிலையே தொடரும். சில காலத்துக்குப் பின் இரண்டையும் அளந்து ஒப்பிடுவர். இம்முறையால் விளைந்த நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இராஜஸ்தானின் உதயப்பூர் வட்டாரத்தில், குழந்தைகளுக்கு முழுமையாகத் தடுப்பூசி போடப்பட்ட அளவு வழக்கமான ஊர்களில் 6 விழுக்காடாக இருந்தது. தவறாமல் முகாம் நடத்திய ஊர்களில் அது 18 விழுக்காடாயிற்று. முகாமோடு தாய்மார்க்கு ஒரு கிலோ பருப்பும் கொடுத்த ஊர்களில் 39 விழுக்காட்டை எட்டியது. தமிழகத்தில் 320 அங்கன்வாடி மையங்களில் நடந்த ஆய்வொன்று, அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திய மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டித்ததையும், குழந்தைகளின் கற்றல் உயர்ந்ததையும், ஊட்டக்குறைவு தணிந்ததையும் காட்டியது.

கொடுத்தவர் மனம் குளிரும்படி மட்டுமே இவர்கள் முடிவு சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நுண்கடன் ஏழைகளைக் கரையேற்றும் மருந்தென உலகமே கொண்டாடிய காலத்தில், ஐதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஸ்பந்தனா என்ற கடன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு இவர்கள் ஆராய்ந்தனர். குலுக்கலில் வந்த 52 பகுதிகளில் மட்டும் அந்நிறுவனம் கிளை திறந்தது. சிலர் வீட்டுப் பொருள்கள் வாங்கினர். ஏற்கெனவே தொழில் நடத்தியோர் சிறிது விரிவாக்கினர். கல்வியிலோ உடல்நலத்திலோ பெண்களின் நிலையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்பதே முடிவு. வட்டிக் கடனை ஏழையின் மீட்பு எனப் போற்றியோருக்கு அது கசப்பான செய்திதான். அதை மறைக்காமல் வெளியிட்டது அறிவு நேர்மை.

பணமும் வினாவும்

இவ்வளவும் கூறியபின் நமது ஐயத்துக்கு வருகிறோம். ஆய்வகத்தின் பணம் இருவகைப்பட்டது. ஒன்று, ஜமீல் குடும்பத்தார் அளித்த நிலைநிதி. முதலைத் தொடாது அதன் வருவாயைக் கொண்டு இயங்குவது அதன் இயல்பு. மற்றொன்று, மேலைநாட்டு அறக்கட்டளைகளும் அரசுகளும் குறிப்பிட்ட பொருளுக்கென, குறிப்பிட்ட காலத்துக்கென வழங்கும் நல்கை. முன்னது ஆய்வாளருக்கு ஓரளவு உரிமை தருகிறது. பின்னது, எதை ஆராயலாம் என்பதைப் பணம் வருமுன்பே வரையறுத்துவிடுகிறது. நல்கையை மட்டும் நம்பிய ஆய்வு எத்தகைய மணல்மேட்டில் நிற்கிறது என்பதை 2025ஆம் ஆண்டு காட்டியது. அமெரிக்க அரசு தன் பன்னாட்டு வளர்ச்சி முகமையைக் கலைத்தபோது, வளரும் நாடுகளில் நடந்துகொண்டிருந்த ஆய்வுகள் பல நடுவழியில் நின்றன. அவற்றில் பங்கேற்ற ஏழைகளின் இசைவை எவரும் கேட்கவில்லை.

பணம் கொடுப்பவருக்கும் உண்மை சொல்பவருக்கும் இடையிலுள்ள உறவு பற்றி, இவ்வாய்வகத்தைச் சேர்ந்தோரே நடத்திய சிறந்த ஆய்வு ஒன்று உண்டு. குஜராத்தில் தொழிற்சாலைகளின் மாசை அளக்கும் தணிக்கையாளருக்கு அத்தொழிற்சாலைகளே ஊதியம் கொடுத்துவந்தன. தணிக்கையாளரைத் தேர்ந்தவையும் அவையே. அறிக்கைகள் பெரும்பாலும் பொய்யாக இருந்தன. 473 ஆலைகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் ஒரு பகுதிக்கு மட்டும் தணிக்கையாளரைக் குலுக்கலில் நியமித்து, பொது நிதியிலிருந்து நிலையான ஊதியம் வழங்கி, அவர்கள் வேலையையும் மறுசோதனை செய்தனர். அறிக்கைகள் மெய்ம்மையை நெருங்கின. ஆலைகளும் மாசைக் குறைத்தன. 2015இல் குஜராத் அரசு குலுக்கல் நியமனத்தை விதியாக்கியது.

இந்த அளவுகோலை ஆய்வகத்தின் மீதே வைத்துப் பார்ப்பது நியாயமன்றோ? ஒரு திட்டத்தை நடத்தும் அரசோ தொண்டு நிறுவனமோ அத்திட்டத்தின் ஆய்வில் கூட்டாளியாக இருக்கிறது. பல வேளை எந்த ஊரில், எந்த வினாவை ஆராயலாம் என்பதற்கும் அதன் இசைவு தேவைப்படுகிறது. முடிவைத் திரிக்கின்றனர் என்று நாம் கூறவில்லை. ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் பதியும் வழக்கத்தை வளர்த்தோருள் இவர்களும் உளர். நமது கவலை முடிவைப் பற்றியதன்று, வினாவைப் பற்றியது. கேட்கப்படாத வினாவுக்குப் பொய்யான விடையும் தேவையில்லை.

ஒரு தாயின் கேள்வி

எம் மாணவர் ஒருவரின் தாயார் பெரம்பலூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்பவர். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூருக்குக் கணக்கெடுப்பாளர் சிலர் வந்தனர். அவர்கள் எந்த நிறுவனத்தார் என்பது இங்குப் பொருட்டன்று. வீட்டு வரவு, செலவு, கடன், நோய், பிள்ளைகளின் படிப்பு என இரண்டு மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டு சென்றனர். பின்னர் எவரும் வரவில்லை. வக்ஃப் பாடம் நடந்த ஒருநாள் அம்மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், நான் சொன்னதெல்லாம் என்ன ஆச்சு என்று உம்மா இன்னும் கேட்கிறார்கள். அதைக் கேட்க அவர்களுக்கு ஹக் உண்டா?" என்றார். உண்டு என்பதே நமது விடை. அதற்கான சான்று அவர் கையிலிருந்த பாட நூலிலேயே இருந்தது.

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது, அசலை நிறுத்திவைத்து அதன் விளைச்சலை அறமாக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கவோ அன்பளிப்பாக்கவோ வாரிசுரிமையாக்கவோ இயலாததாயிற்று. ஏழை, உறவினர், வழிப்போக்கர், விருந்தினர் எனப் பெறுவோர் வரையறுக்கப்பட்டனர். நிர்வகிப்பவர் நியாயமான அளவில் உண்ணலாம். செல்வம் சேர்த்துக்கொள்ளல் ஆகாது. நிலைநிதியின் இலக்கணம் முழுவதும் இதனுள் அடங்கிவிடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரிக்கு 1264இல் எழுதப்பட்ட சாசனம் வக்ஃபின் அமைப்பை ஒத்திருப்பதாக வாதிடும் மேலை ஆய்வாளரும் உளர்.

ஃபிக்ஹு நூலார் இதற்கும் ஒரு படி மேலே சென்றனர். வாக்கிஃபின் நிபந்தனைக்குச் சட்ட வாசகத்துக்குரிய மதிப்பைத் தந்த அவர்களே, அவருடைய அதிகாரத்துக்கு எல்லையும் இட்டனர். வாக்கிஃபே முத்தவல்லியாக இருந்து, நம்பிக்கைக்குரியவராக இல்லாது போனால், ஏழைகளின் நலன்கருதிக் காழி அவரிடமிருந்து பொறுப்பைப் பறிக்கலாம் என்று நம் கல்லூரிகளில் ஓதப்படும் ஹிதாயா கூறுகிறது. கொடுத்தவரே ஆயினும், கொடுத்தபின் பொருள் அவருடையதன்று. ஏழையின் நலன் காக்க வெளியிலிருந்து ஒருவர் இருக்கிறார்.

ஜே-பாலின் அமைப்பில் வாக்கிஃப் உண்டு. முத்தவல்லிகளாகப் புகழ்பெற்ற பேராசிரியர்கள் உண்டு. ஆய்வில் பங்கேற்போருக்குத் தீங்கு நேராமல் பார்க்கும் அறநெறிக் குழுக்களும் உண்டு. அக்குழு, கேட்கப்படும் வினாவால் ஏழைக்குக் கேடு வருமா என்று மட்டுமே பார்க்கிறது. எந்த வினா தமக்குத் தேவை என்று சொல்லும் இடம் ஏழைக்கு இல்லை. யாருக்காக இவையெல்லாம் நிறுவப்பட்டனவோ அவர்கள் பதில் சொல்பவர்களாகவே நின்றுவிடுகின்றனர்.

குலுக்கலின் எல்லை

குலுக்கலும் நமக்கு அந்நியமன்று. பயணத்தின்போது உடன்வருபவரைத் தேர நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியரிடையே குலுக்கல் நடத்தினார்கள். தமிழ் மண்ணில் உத்திரமேரூர்ச் சபை உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தது. உரிமை சமமாக இருந்து, இடமோ பொருளோ குறைவாக இருக்கும்போது குலுக்கல் நீதியாகிறது. ஆகவே, எல்லார்க்கும் ஒரே நேரத்தில் கொடுக்க இயலாத உதவியைக் குலுக்கலில் பங்கிடுவதை நாம் குறை கூறோம்.

ஆனால் குலுக்கலில் அடங்காதவை பல. பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயம் பயிரிடுவோர், விளைச்சல் பெருகிய ஆண்டில் விலை வீழ்ந்து நட்டமடைவது ஏன்? அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்காகத் தோண்டிய சுண்ணாம்புக்கல் பள்ளங்களின் அருகே உழுதவர் நிலத்தடி நீருக்கு என்ன நேர்ந்தது? லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடாவுக்குச் சென்றவரின் பணம் வீடாக எழுகிறதே, ஊரில் தொழிலாக ஏன் எழவில்லை? விலை, நிலம், நீர், புலம்பெயர்வு ஆகியவற்றைப் பாதி ஊருக்குக் கொடுத்துப் பாதி ஊருக்கு மறுத்துச் சோதிப்பது அரிது. எனவே சோதனையையே மேலான சான்றாக மதிக்கும் நிதியாளரின் பட்டியலில் அவை பின்னுக்குப் போகின்றன. 2015இல் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் இம்முறையின் எல்லைகளை வற்புறுத்தியுள்ளார். கொள்கையை வகுக்கச் சான்று மட்டும் போதாது, விழுமியங்களும் மக்கள் விவாதமும் வேண்டும் என்று ஜான் த்ரேஸ் நினைவூட்டியுள்ளார். இரண்டும் நாம் ஏற்கத்தக்கவை.

நம் பக்கம்

பிறரைக் குறை கூறுமுன் நம்மையும் நோக்குதல் வேண்டும். அதே ஜித்தா நகரில் 1975 முதல் இயங்கும் இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, 1981இல் தனக்கென ஓர் ஆய்வு நிறுவனத்தை அமைத்தது. வக்ஃப், ஜகாத், வட்டியில்லா நிதி குறித்துப் பயனுள்ள நூல்கள் பல அதனால் வெளிவந்தன. அதன் நிதியும் ஆட்சியும் வங்கியைச் சார்ந்தவை. வங்கியிலோ உறுப்பு நாடுகளின் வாக்குரிமை அவை செலுத்திய பங்குத் தொகையைப் பொறுத்தது. இந்தியா அதில் உறுப்பு நாடும் அன்று. அங்கும் ஏழைக்கு இருக்கை இல்லை. நம் ஊர்களிலோ, பள்ளிவாசல் வக்ஃபின் ஆண்டுக் கணக்கை ஜமாஅத்தார் முன் படிக்காத முத்தவல்லிகள் இல்லையா? வக்ஃப் சட்டத்தில் 2025இல் செய்யப்பட்ட திருத்தத்தை எதிர்த்து வழக்காடும் உரிமை நமக்கு உண்டு. கணக்குக் காட்டாத பழக்கத்தை அந்த உரிமைக்குள் ஒளித்துவைக்க முடியாது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழப்பர் என்று உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே விதித்தது.

ஜமீல் குடும்பத்தாரின் கொடை பெரிது. அதை ஏற்றவர்களின் உழைப்பும் பெரிது. அக்கொடை வக்ஃபின் முழுமையை அடைய மூன்று செயல்கள் வேண்டும் என்று கருதுகிறோம். நிலைநிதி வருவாயில் ஒரு பங்கு, கொடையாளரோ அரசோ கேளாத, ஊரார் கேட்கும் வினாக்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும். ஆய்வு நடக்கும் வட்டாரத்தாருள் சிலர், வினாவைத் தேரும் குழுவில் வாக்குரிமையோடு அமர வேண்டும். ஆய்வு முடிந்ததும் அதன் முடிவை அவ்வூர் மொழியில், அவ்வூர் மன்றத்தில், பதில் சொன்னவர் முன்னிலையில் படித்துக்காட்ட வேண்டும். இவற்றுள் மூன்றாவதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. ஒரு பேருந்துக் கட்டணமும் ஒரு மாலைப் பொழுதும் போதும். அம்மாணவரின் தாயார் இன்னும் காத்திருக்கிறார்.