ஆறு அறைகள்: ஏ380 சூட்ஸ் குறித்து ஒரு மதிப்பீடு

முதல் வகுப்பில் முதன்முறை பறந்தவர்கள் எழுதுவது பெரும்பாலும் ஒரே தடத்தில் போகிறது. ஷாம்பெயின், சாத்திக்கொள்ளக் கதவு, பெயர் சொல்லி அழைக்கும் பணியாளர், விரித்துத் தரப்படும் படுக்கை, இறுதியில் மலைப்பு. அந்த மலைப்பு உண்மையானது. ஆனால் மலைப்பு அளவுகோல் ஆகாது. எகானமியிலிருந்து நேரே வருபவருக்குக் காலை நீட்ட முடிவதே பேறு. அந்தப் பேற்றில் எவ்வளவு வடிவமைப்பின் சாதனை, எவ்வளவு முந்தைய இல்லாமையின் விளைவு என்று பிரித்துக் காண்பதுதான் மதிப்பீட்டாளரின் வேலை. அதற்கு ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு அதன் இலக்கணத்தின்படியே அதை அளப்பது நல்லது. நான் எடுத்துக்கொள்வது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017இல் தன் ஏ380 விமானத்தின் மேல்தளத்தில் அமைத்த ஆறு சூட்டுகளை.

அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். விமான முதல் வகுப்பிடம் நான் கேட்பவை மூன்று: தடையற்ற தூக்கம்; எப்போது உண்பது, எப்போது விழிப்பது என்பதைப் பயணியே தீர்மானிக்கும் உரிமை; தரையிலிருந்து தரை வரை அலைச்சலின்மை. பளிங்கும் தோலும் படிகக் கண்ணாடியும் இந்த மூன்றில் ஒன்றுக்காவது உதவினால் மட்டுமே கணக்கில் சேரும்.

இந்த அளவுகோல் வரலாற்றிலிருந்து வருவது. 1990களின் நடுவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதல் வகுப்பில் முழுத்தட்டையாக விரியும் படுக்கையைக் கொண்டுவந்தபோது அந்த வகுப்புக்கு ஒரு தர்க்கம் இருந்தது: வானத்தில் படுத்துத் தூங்க வேறு வழி இல்லை. அதே நிறுவனம் 2000இல் பிசினஸ் வகுப்புக்கும் அதைத் தந்தது. 2017இல் கத்தார் ஏர்வேஸின் க்யூசூட் பிசினஸ் வகுப்புக்குக் கதவையும் தந்தது. படுக்கையும் கதவும் ஒரு படி கீழே இறங்கிய பின், முதல் வகுப்பு தன் தேவையை மறுபடி நிறுவியாக வேண்டியிருந்தது. பல நிறுவனங்கள் அந்தச் சவாலை ஏற்காமல் முதல் வகுப்பையே கைவிட்டன. ஏற்றவற்றுள் மிகத் துணிவான விடை சிங்கப்பூருடையது என்பது என் கணிப்பு.

அந்தத் துணிவை எண்களே சொல்கின்றன. 2007 அக்டோபர் 25 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு ஏ380இன் முதல் வணிகப் பயணம் நடந்தது. இருக்கைகளை ஈபேயில் ஏலம் விட்டு வருவாயை அறக்கொடைகளுக்கு வழங்கினார்கள். அன்று அதன் கீழ்த்தளத்தில் இருந்த சூட்டுகள் பன்னிரண்டு. பத்தாண்டு கழித்து மேல்தளத்துக்கு மாறியபோது அவை ஆறாயின. விமானத்தின் மொத்த இருக்கைகளோ அன்றும் 471, மாற்றத்துக்குப் பின்னும் 471. முதல் வகுப்பின் எண்ணிக்கை பாதியானது. எஞ்சியவர்களுக்கு இருக்கைக்குப் பதில் அறை கிடைத்தது.

அறை என்பதை நிறுவுவது ஒரே முடிவு: நாற்காலி வேறு, படுக்கை வேறு. இங்கேதான் வடிவமைப்பின் கூர்மை தெரிகிறது. ஏனைய முதல் வகுப்புகள் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருப்பது, எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், நம் வீட்டு சோபா-கம்-பெட்டின் சமரசம்தான். உட்கார்வதற்கேற்ற வளைவும் மெத்தையும் படுப்பதற்கு ஒத்துவராது. படுப்பதற்கேற்ற தட்டை உட்கார்வதற்கு ஒத்துவராது. இரண்டுக்கும் பொதுவாகச் செய்தால் இரண்டிலும் கொஞ்சம் குறையும். சிங்கப்பூர் சூட்டில் படுக்கை சுவரோடு மடிந்து நிற்கிறது. பணியாளர் அதை இறக்கி விரிப்பைச் சரிசெய்து தலையணையை வைக்கும்போது, பயணி எழுந்து ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே சுழலும் நாற்காலியில் அவர் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கலாம். பாதித் தூக்கத்தில் எழுந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாலும் விரித்த படுக்கை கலையாமல் காத்திருக்கும். நேரத்தின் மேலான உரிமை என்று நான் சொன்னது இதைத்தான்.

இதே முடிவு ஒரு குறையையும் பெற்றெடுத்திருக்கிறது. படுக்கை தனியே இருக்கிறது என்பதால் நாற்காலி 45 பாகை வரைதான் சாய்கிறது. உட்கார்வதற்கும் படுப்பதற்கும் இடைப்பட்ட ஒரு நிலை உண்டு: கால் நீட்டி, முதுகு முக்கால் சாய்ந்து, புத்தகம் நெஞ்சில் கிடக்க, அரைக்கண் மூடிய நிலை. விமானத்தில் மனித உடல் அதிக நேரம் விரும்புவது அந்த நிலையைத்தான். மலிவான பிசினஸ் இருக்கைகூட அதை எளிதில் தருகிறது. சூட் தயங்கித் தருகிறது. இரண்டு செயல்களையும் தூய்மைப்படுத்திய வடிவமைப்பாளர், அவற்றுக்கு இடையிலிருந்த கலப்பு நிலையை இழந்துவிட்டார். இந்தப் பண்டமாற்றில் ஆதாயமே அதிகம் என்றாலும் இழப்பு இழப்புதான்.

இன்னொரு சமனின்மை அறைகளுக்கிடையிலானது. முன் இரு வரிசைகளில், ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அமைந்த சூட்டுகளின் இடைச்சுவரை இறக்கினால் இரு படுக்கைகள் ஒன்றாகின்றன. தம்பதிகளுக்கு இது நிகரற்ற ஏற்பாடு. கடைசி வரிசையின் இரண்டு சூட்டுகளுக்கு இந்த வசதி இல்லை. ஆறும் ஒரே விலைப்பட்டியலில் நிற்க, நான்கு மட்டும் முழுக் கருத்தையும் வெளிப்படுத்துகின்றன.

ஒப்பீடு இல்லாமல் தீர்ப்பு நிற்காது. எமிரேட்ஸ் ஏ380இல் பதினான்கு முதல் வகுப்புப் பயணிகளுக்கு இரண்டு குளியலறைகள், ஒருவருக்கு ஐந்து நிமிடத் தண்ணீர். கேட்கும்போது ஆடம்பரத்தின் உச்சமாகத் தோன்றும் இதை நான் ஆடம்பரமாகக் கருதவில்லை. இரவெல்லாம் பறந்து காலையில் நேரே வேலைக்குப் போகிறவருக்கு அது மூன்றாவது அளவுகோலை நேராக நிறைவேற்றுகிறது. மாறாக, அதே நிறுவனம் 2017இல் தன் 777 விமானத்தின் நடுச் சூட்டுகளில் வைத்த மெய்நிகர் சன்னல், பொறியியல் திறமையாகப் பாராட்டத்தக்கதே தவிர, பயணிக்கு அதிகம் தருவதில்லை. ஆல் நிப்பான் ஏர்வேஸ் 2019இல் கட்டடக் கலைஞர் கெங்கோ குமாவின் பங்களிப்புடன் செய்த சூட் நிறத்திலும் மரத்தன்மையிலும் சிங்கப்பூரைவிடக் கட்டிறுக்கமானது. ஆனால் இருக்கையே படுக்கையாக மாறும் பழைய சமரசத்தைத் தாண்டவில்லை.

உணவைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள், பெரும்பாலும் மெனு அட்டையைப் படித்து. அட்டை சொல்லாத ஒன்று உண்டு. லுஃப்தான்சாவுக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் தாழ்ந்த காற்றழுத்தத்தில் செய்த சோதனைகளில் உப்பும் இனிப்பும் நாவில் மங்குவது தெரிந்தது. எஞ்சின் இரைச்சல் இனிப்பைத் தணித்து உமாமி சுவையைத் தூக்குகிறது என்று 2015இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. இந்த நிலையில் கேவியர் தன் நுண்மையில் பாதியை மேகத்துக்குக் கொடுத்துவிடுகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பெயர்பெற்ற சத்தேயோ நெருப்பில் வாட்டிய இறைச்சி, வறுத்த வேர்க்கடலை, மசாலா ஆகியவற்றின் கூட்டு. அது உயரத்தைத் தாங்கும். (புளியும் மிளகும் பெருங்காயமும் சேர்ந்த ரசம் இன்னும் நன்றாகத் தாங்கும் என்று நம்புகிறேன்.) முன்கூட்டியே உணவைத் தேர்வு செய்யும் ‘புக் த குக்’ முறை சிறப்பான ஏற்பாடு. ஆனால் தன் வலிமை எங்கே என்று சமையலறைக்குத் தெரிந்திருந்தும் மெனுவின் மகுடத்தில் ஐரோப்பியப் பண்டங்களையே அமர்த்துவது தன்னம்பிக்கைக் குறைவு.

கதவால் தடுக்க முடியாதது காற்று. பயணிகள் விமானத்தின் உட்காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயரத்துக்கு இணையாகத் தாழ விதிகள் அனுமதிக்கின்றன. அது ஊட்டியைவிடச் சற்று உயரம். ஏ350 போன்ற புதிய விமானங்களில் அது ஏறத்தாழ 1,800 மீட்டர். ஆனால் ஒரே விமானத்தில் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் அதே அழுத்தம்தான். நீண்ட பயணத்தில் உடல் படும் பாட்டைப் பயணச்சீட்டின் வகுப்பு மட்டுமே தீர்மானிப்பதில்லை. விமானத்தின் தலைமுறையும் தீர்மானிக்கிறது. முதன்முறைப் பயணி இதைக் கவனிப்பதில்லை. நிறுவனங்களும் சொல்வதில்லை.

என் கடுமையான ஆட்சேபம் சூட்டின் உள்ளே இல்லை. அது பறக்கும் வழித்தடத்தில் இருக்கிறது. 2018இல் இதே நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஏறத்தாழ பத்தொன்பது மணி நேர இடைநில்லாப் பறப்பை மீண்டும் தொடங்கியது. அப்போது உலகின் மிக நீண்டதாயிருந்த அந்தத் தடத்தில் ஓடிய ஏ350 விமானத்தில் 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி இருக்கைகள்; முதல் வகுப்பு ஒன்றும் இல்லை. ஏ380 சூட்டுகளோ ஐந்தரை மணி நேர மும்பைத் தடத்திலும் பறந்திருக்கின்றன. ஏறி, உண்டு, படுக்கை விரித்து, கண்ணயர்வதற்குள் இறங்கும் அறிவிப்பு வந்துவிடும் தடம் அது. உறக்கத்துக்காகவே உருவான ஒரு படைப்பை உறங்க நேரமில்லாத தூரத்தில் வைப்பது, வடிவத்துக்கும் பயனுக்கும் இடையே விழுந்த பிளவு. காரணம் புரியாமலில்லை: மிக நீண்ட தூரத்தில் எரிபொருளே பெரும் சுமை, ஒவ்வொரு கிலோவும் கணக்கு, ஏ380க்கு அந்தத் தடத்தில் பொருளாதாரமே பொருந்தாது. காரணம் தெரிவதால் பிளவு மறைந்துவிடாது. நிறுவனமும் இதை உணர்ந்திருக்க வேண்டும். 2024 நவம்பரில் அது அறிவித்த புதுப்பிப்புத் திட்டத்தில் மிக நீண்ட தூர ஏ350களுக்கு நான்கு முதல் வகுப்பு இருக்கைகள் இடம்பெற்றன.

தரையில் நடப்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அங்கே குறை காண்பது கடினம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் முதல் வகுப்புக்கெனத் தனி வரவேற்பறை. உள்ளே ‘தி பிரைவேட் ரூம்’ என்ற ஓய்வறையில் உட்கார்ந்து உண்ண வசதி. புறப்படும் முன்பே நன்றாக உண்டுவிட்டால் வானத்து நேரம் முழுவதையும் தூக்கத்துக்கு விட்டுவிடலாம். பிசினஸ் வகுப்பு இன்னும் எட்டிப்பிடிக்காத இடைவெளி இங்கேதான் மிச்சமிருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: கருத்தளவில் இது இந்தத் துறையின் மிக முழுமையான முதல் வகுப்பு, நிறைவேற்றத்தில் நாற்காலியின் தயக்கமும் மெனுவின் கூச்சமும் அதை ஒரு படி இறக்குகின்றன, பயன்பாட்டில் வழித்தடமே அதை உயர்த்துகிறது, வழித்தடமே தாழ்த்துகிறது. சேர்த்து வைத்த மைல்களையோ பணத்தையோ முதன்முறையாக இதில் செலவிட நினைப்பவர் மும்பைத் தடத்தைத் தவிர்க்கட்டும். இரவில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் லண்டன் விமானத்தைத் தேர்ந்து, சாங்கியிலேயே உண்டு முடித்து, முடிந்தால் முன் இரு வரிசைகளில் இடம் கேட்கட்டும்.