காலடி மண்

நாடக விமர்சனம் எழுதுகிறவர்கள் நடிகரின் முகத்தைப் பார்க்கிறார்கள், குரலைக் கேட்கிறார்கள், வசனத்தை எடை போடுகிறார்கள். கால் எதன்மேல் நிற்கிறது என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒரு நாடகத்தின் உண்மையில் பாதி அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கட்டபொம்மன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதும்வென்றானைச் சுற்றிலும் கரிசல் பூமி, பாஞ்சாலங்குறிச்சியும் தூரமில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை விழுந்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. 1799-ல் பறிபோன கோட்டையை 1801-ல் ஊமைத்துரை மறுபடி எழுப்பியது அந்த மண்ணில்தான். சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி நாடக மன்றத்தார் 1957-ல் மேடையேற்றிய நாடகத்தை 1959-ல் பி. ஆர். பந்துலு படமாக்கியபோது, போர்க்காட்சிகளை ஜெய்ப்பூருக்குப் போய் எடுத்தார்கள். வசனம் நம் ஊர், புழுதி ராஜஸ்தானம்! கண்ணுக்கு எந்த மண்ணும் போதும் என்பதற்கு அந்தப் படத்தின் வெற்றியே சாட்சி. ஆனாலும் அங்கே குதிரையும் மனிதனும் ஓடியது நிஜமான மண்மேல்.

பட்டணத்து அரங்கில் அந்த வசதி ஏது? முப்பதடிக்கு இருபதடி மேடையில் இரண்டங்குல கனத்துக்கு மணல் பரப்பினால், நூறு கன அடி. ஏறக்குறைய நாலரை டன். பலகை மேடையும் தாங்காது, குழுவின் பணப்பையும் தாங்காது. ஆகவே லேசான சரக்கைத் தேடுகிறார்கள். உமி இருக்கிறது, அதே அளவு பரப்ப முந்நூறு கிலோ போதும். ஆனால் தூசி தொண்டையை அடைக்கும், ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். மரத்தூளும் அப்படியே. தக்கைத் துருவல் பார்வைக்கு மணல்போலவே இருக்கும். ஆனால் மணி மணியாக உருண்டு காலை வாரிவிடும்.

இங்கேதான் விமர்சகனுக்கு வேலை. மணலில் நடப்பவனின் பாதம் புதைகிறது, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, மூச்சு மாறுகிறது, அதனால் குரலும் மாறுகிறது. லேசான பொருள் நகர்ந்துகொடுக்கும், எதிர்த்து நிற்காது. வழுக்கிவிடுமோ என்று பயந்து அடியெடுத்து வைக்கிற கட்டபொம்மனை நான் எப்படி நம்புவேன்? வீரம் வாயில் இருக்கிறது, பயம் காலில் இருக்கிறது. கடைசி வரிசை ரசிகருக்கும் அது தெரிந்துவிடும்.

வெளிநாட்டார் இதை அறிந்தவர்கள். பீனா பௌஷ் 1975-ல் தம் நடனத்துக்கு மேடை முழுவதும் கரிய சதுப்பு மண்ணைக் கொட்டினார். ஆடுகிறவர்களின் உடம்பிலும் உடையிலும் அது அப்பிக்கொண்டது. பாரத்தை ஒப்புக்கொண்டதற்குக் கிடைத்த பலன் அது. பெக்கெட்டின் 1961-ம் வருஷத்து நாடகத்திலோ கதாநாயகி மேட்டில் புதைந்தே இருக்கிறாள், நடப்பதே இல்லை. அங்கே துணியால் செய்த மேடும் போதும். ஆகக் கேள்வி எளிது: அதன்மேல் யாராவது நடக்கப்போகிறார்களா?

நடக்கப்போகிறார்கள் என்றால், நம்மிடமே ஒரு பொருள் இருக்கிறது, தென்னை நார்க்கழிவு. தோட்டக்காரர்கள் அந்தச் சதுப்பு மண்ணுக்குப் பதிலாக உபயோகிப்பதும் இதைத்தான். லேசானது, நிறத்திலும் கரிசலுக்குப் பக்கம். சிறிது நனைத்தால் தூசி அடங்கும். கீழே சொரசொரப்பான சாக்கை இழுத்துக் கட்டினால் பாதத்துக்குப் பிடிப்பு. ஆனால் ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே அதன்மேல் நடக்க வேண்டும். அரங்கேற்றத்தன்று கொட்டினால் அது வெறும் அலங்காரம்.

கதை எழுதுகிற எங்களுக்கும் இது பொருந்தும். இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் கரிசலைப் பின்திரையாகத் தொங்கவிடவில்லை. அவர்களுடைய மனிதர்கள் அதை மிதித்து நடக்கிறார்கள். அந்த நடையிலிருந்து பேச்சு பிறக்கிறது. வட்டாரச் சொல் நாலைத் தூவி மண்வாசனை என்று சொல்லிக்கொள்ளும் கதைகளையும் படிக்கிறோம். அவை தக்கைத் துருவல். பார்வைக்கு மண், மிதித்தால் உருளும்.